ஜார் கால ரஷ்யா மெட்டீரியல்: தேதிக்குக் குறைவில்லை, கணக்குத்தான் இல்லை

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் முதுகலை ஆசிரியர் தேர்வுக்கான வரலாறு மெட்டீரியல் விற்கிறது. உள்ளே ஒரே டைப்பிங்தான், அட்டை மட்டும் கடைக்குக் கடை வேறு. எந்த சென்டர் தயாரித்தது என்று ஒரு பக்கத்திலும் போடவில்லை. உலக வரலாறு இரண்டாம் தொகுதியில் இருக்கும் ‘ஜார் ஆட்சியில் ரஷ்யா’ என்ற பகுதியை மட்டும் இங்கே பார்க்கிறோம். ஏ4 தாள், இருபுறமும் அச்சு, ஸ்பைரல் பைண்டிங். தொகுதி 220 ரூபாய். ரஷ்யா மட்டும் போதும் என்று கேட்டால் சில கடைகளில் பக்கக் கணக்கில் எடுத்துத் தருகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒன் வேர்டுக்கு இது போதும். ‘கூற்று, காரணம்’ வகைக் கேள்விக்குப் போதாது. தயாரித்தவருக்கு ஆண்டுகள் அத்துப்படி. ஆனால் ஜார் ரஷ்யாவில் யார் யாருக்கு எவ்வளவு கட்டினார்கள், கட்டத் தவறினால் என்ன ஆனது என்ற இடங்களில் எல்லாம் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். அந்த நாட்டு அரசியலே அந்த வரிகளுக்குள்தான் இருக்கிறது.

அச்சில் ஒரு தொல்லை. ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, பெயருக்குப் பின்னால் வரும் ரோமன் எண்களின் கோடுகள் மங்கிவிட்டன. இரண்டாம் அலெக்சாண்டரா மூன்றாம் அலெக்சாண்டரா என்று பல பக்கங்களில் தெரியவில்லை. இது சின்ன விஷயம் இல்லை, ஏனென்றால் அப்பா கொடுத்ததை மகன் பிடுங்கிய கதை அது. வாங்கியதும் பேனாவால் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: முதலாம் அலெக்சாண்டர் 1801-1825, முதலாம் நிக்கோலஸ் 1825-1855, இரண்டாம் அலெக்சாண்டர் 1855-1881, மூன்றாம் அலெக்சாண்டர் 1881-1894, இரண்டாம் நிக்கோலஸ் 1894-1917. பண்ணையடிமை ஒழிப்பு, செம்ஸ்டோ என்ற உள்ளூர் சுயாட்சி மன்றம், ஜூரி நீதிமன்றம் எல்லாம் இரண்டாமவர் காலம். கிராமங்களை மேய்க்க நில உரிமைப் பிரபுக்களிலிருந்து ‘நிலத் தலைவர்’களை நியமித்த 1889 சட்டம் மூன்றாமவர் காலம். பயிற்சி வினாக்களின் விடைப் பட்டியலில் அதை இரண்டாமவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஸ்டோலிபின் ஓரிடத்தில் ‘ஸ்டாலிபின்’ ஆகி, அடுத்த பக்கத்தில் ‘ஸ்டாலின்’ ஆகவே ஆகிவிட்டார். 1906-ல் பிரதமரான ஸ்டோலிபின் 1911 செப்டம்பரில் கீவ் நகர நாடக அரங்கில் சுடப்பட்டு இறந்தவர். ஸ்டாலினோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.

வரைபடங்கள் சுத்தமாகக் கறுப்பு. யூதர்கள் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட மேற்கு எல்லை மாகாணங்களின் படம் இருக்க வேண்டிய இடத்தில் மை அப்பிய சதுரம்தான் இருக்கிறது. 1882 மே மாதச் சட்டங்கள் அந்த எல்லைக்குள்ளேயே கிராமப்புறத்தில் யூதர்கள் புதிதாகக் குடியேறுவதைத் தடுத்தன என்ற வரி மட்டும் கீழே இருக்கிறது. படம் இல்லாமல் அது புரியாது. வேறு அட்லஸ் தேவைப்படும்.

அடுத்தது தேதி. ரஷ்யா 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. 1918 ஜனவரி 31-க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. இது வரை மெட்டீரியல் சரி. ஆனால் பழைய தேதியைப் புதியதாக மாற்ற எல்லா இடத்திலும் 13 நாள் கூட்டியிருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டுக்குத்தான் 13. 19-ஆம் நூற்றாண்டுக்கு 12, 18-ஆம் நூற்றாண்டுக்கு 11. இதனால் ஜார் ஆட்சியை எதிர்த்து ராணுவ அதிகாரிகள் நடத்திய டிசம்பரிஸ்டுகள் கிளர்ச்சி 1825 டிசம்பர் 27 என்று வந்திருக்கிறது. பழைய கணக்கில் டிசம்பர் 14, புதிய கணக்கில் 26. பண்ணையடிமை ஒழிப்பு அறிக்கை 1861 பிப்ரவரி 19, புதிய கணக்கில் மார்ச் 3. மெட்டீரியலில் மார்ச் 4. இரண்டாம் அலெக்சாண்டர் குண்டு வீசிக் கொல்லப்பட்டது 1881 மார்ச் 1, அதாவது மார்ச் 13, மெட்டீரியலில் 14. நான்கு விருப்பங்களில் 13, 14 என்று அடுத்தடுத்துக் கொடுத்துக் கேட்டால் ஒரு மதிப்பெண் இப்படித்தான் போகும். 1905, 1917 தேதிகள் 20-ஆம் நூற்றாண்டு என்பதால் தப்பித்துவிட்டன: ஊர்வலத்தின் மீது சுட்ட ரத்த ஞாயிறு ஜனவரி 9 / 22, டூமா என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்துக்கு ஜார் வாக்குக் கொடுத்த அக்டோபர் அறிக்கை அக்டோபர் 17 / 30, பிப்ரவரிப் புரட்சி பிப்ரவரி 23 / மார்ச் 8.

அளவைகளில் இரண்டு தவறு. நில அளவான தெசியாத்தினாவை ஓர் ஏக்கர் என்று போட்டிருக்கிறார்கள். அது சுமார் 1.09 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 2.7 ஏக்கர். தானிய எடையான பூட் 20 கிலோ அல்ல, 16.4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விவசாயிக்குக் கிடைத்த நிலத்தை மெட்டீரியல் கணக்கில் படித்தால் உண்மையில் கிடைத்ததில் பாதிகூடத் தெரியாது. அவன் நிலை மோசம்தான். அதைத் தப்பான அளவையால் நிரூபிக்கத் தேவையில்லை.

இனி முக்கியமான பகுதி. பண்ணையடிமை முறைக்கு மெட்டீரியல் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. 1649 சட்டத் தொகுப்பு சரியாக வந்திருக்கிறது. ஓடிப்போன குடியானவனை எத்தனை ஆண்டு கழித்தும் பிடித்து வரலாம் என்று காலவரம்பை அது நீக்கியது. அங்கேதான் கட்டு இறுகியது. ஆனால் அடிமை நிலையில் இரண்டு வகை இருந்ததை ஒரே பத்தியில் கலந்துவிட்டார்கள். ஒன்று பார்ஷ்சினா, பிரபுவின் வயலில் உடலுழைப்பு. மற்றது ஒப்ரோக், உழைப்புக்குப் பதில் ஆண்டுதோறும் பணமாகவோ பொருளாகவோ கட்டுவது. வாரத்துக்கு மூன்று நாள் உழைப்பு போதும் என்று முதலாம் பாவெல் 1797-ல் அறிவித்தார். அது நடைமுறையில் பெரிதாக மதிக்கப்படவில்லை. தெற்கே கரிசல் மண் வளமான மாகாணங்களில் உழைப்பு முறை அதிகம், வடக்கே மண் ஏழ்மையான பகுதிகளில் பண முறை அதிகம். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாமல் 1861-ஐப் படிப்பது வீண். காரணம் கீழே வரும் கணக்கில் தெரியும்.

‘1861 சட்டத்தால் எல்லா விவசாயிகளும் விடுதலை பெற்றனர்’ என்று மெட்டீரியல் எழுதுகிறது. தவறு. அது தனியார் பிரபுக்களுக்குச் சொந்தமாயிருந்த சுமார் 2 கோடியே 30 லட்சம் பேரைப் பற்றியது. அரச குடும்ப நிலங்களில் இருந்தவர்களுக்கு 1863-லும், அரசு நிலக் குடியானவர்களுக்கு 1866-லும் தனித்தனிச் சட்டங்கள் வந்தன. பிரபு வீட்டில் சமையல், குதிரை, தோட்டம் பார்த்த வீட்டு அடிமைகளுக்கு விடுதலை உண்டு, நிலம் கிடையாது. மெட்டீரியல் அவர்களைச் சொல்லவே இல்லை. நிலத்தோடு விடுவிக்கப்பட்டவனும் மறுநாளே சுதந்திரமாகிவிடவில்லை. நிலத்துக்கு அவன் கட்ட வேண்டிய விலையான மீட்புத் தொகை ஒப்பந்தம் ஆகும் வரை ‘தற்காலிகக் கடப்பாடு’ என்ற பெயரில் பழைய உழைப்பையும் பணத்தையும் அதே பிரபுவுக்குத் தந்துகொண்டிருந்தான். இந்தத் தற்காலிகம் 20 ஆண்டுக்கு மேல் இழுத்தது. 1881 டிசம்பர் சட்டம்தான் மீட்பைக் கட்டாயமாக்கி, 1883 ஜனவரி 1 முதல் அந்த நிலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

மீட்புத் தொகைக்கு மெட்டீரியலில் இருப்பது இவ்வளவுதான்: ‘அரசு 80%, விவசாயி 20%, தவணை 49 ஆண்டுகள்.’ எண் மூன்றும் சரி. ஆனால் எதில் 80%? அங்கே வெற்றிடம். கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் மறக்காது.

உதாரணத்துக்கு ஒருவன் ஆண்டுக்கு 10 ரூபிள் ஒப்ரோக் கட்டினான் என்று வையுங்கள். அந்த 10 ரூபிளை ஆண்டுக்கு 6% வட்டி என்று வைத்துக்கொண்டு, அந்த வட்டியைத் தரும் அசல் எவ்வளவு என்று கண்டார்கள். 10-ஐ 6-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 166 ரூபிள் 67 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்). இதுதான் நிலத்தின் ‘மீட்பு விலை’. சந்தை விலையை யாரும் கேட்கவில்லை. இதில் 80%, அதாவது 133 ரூபிள் 33 கோபெக், அரசு பிரபுவுக்குக் கொடுத்தது. ரொக்கமாக அல்ல, பெரும்பாலும் வட்டி தரும் பத்திரங்களாக. பிரபு தன் பண்ணையை அரசு வங்கியில் அடமானம் வைத்திருந்தால் அந்தக் கடன் கழித்துக்கொள்ளப்பட்டது. பல பண்ணைகள் அடமானத்தில்தான் இருந்தன. மீதி 20%, அதாவது 33 ரூபிள் 34 கோபெக், விவசாயி நேரடியாகப் பிரபுவிடம் தர வேண்டும். விவசாயியின் சம்மதம் இல்லாமல் பிரபு தானாகவே மீட்பைக் கோரினால் இந்த 20%-ஐ அவர் இழந்துவிடுவார். விவசாயி முழுப் பங்கு நிலம் எடுக்காமல் குறைந்த பங்கு எடுத்தால் அரசு தரும் பங்கு 80% அல்ல, 75%.

அரசு கொடுத்த 133 ரூபிள் 33 கோபெக்குக்கு விவசாயி ஆண்டுக்கு 6% வீதம் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டியும் அசலும் அதிலேயே சேர்ந்தது. அது ஆண்டுக்குச் சரியாக 8 ரூபிள். 49 ஆண்டுக்கு 392 ரூபிள். நேரடியாகக் கொடுத்த 20%-ஐயும் சேர்த்தால் 425 ரூபிள் 34 கோபெக்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று. முன்பு பிரபுவுக்கு ஆண்டுக்கு 10 கட்டியவன் இப்போது அரசுக்கு 8 கட்டுகிறான். காகிதத்தில் சுமை குறைந்திருக்கிறது, அரசால் அதைச் சொல்லிக்கொள்ளவும் முடிந்தது. அப்படியானால் மீட்புத் தவணைப் பாக்கி ஏன் ஏறிக்கொண்டே போனது? இங்கேதான் வடக்கு, தெற்கு வித்தியாசம் வருகிறது. தெற்கே கரிசல் மண்ணுக்கே விலை இருந்ததால், சட்டம் வகுத்த உச்சவரம்புக்கு மேல் குடியானவன் வைத்திருந்த நிலத்தைப் பிரபுக்கள் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் நிலம், தண்ணீர்க் கரை, காட்டோரம் போன்ற இடங்கள் இந்த வெட்டில் போயின. பிறகு அதே இடத்தைக் குத்தகைக்கு எடுக்க அதே பிரபுவிடம் போக வேண்டியிருந்தது. வடக்கே மண்ணுக்கு மதிப்பில்லை. அங்கே ஒப்ரோக் என்பது குடியானவன் நகரத்தில் வேலை செய்து, வண்டியோட்டிச் சம்பாதித்ததிலிருந்து வந்த பணம். அந்தப் பணத்தை வைத்து நிலத்தின் விலை கணக்கிடப்பட்டது. நிலத்துக்கு என்ற பெயரில் அவனுடைய உடலுக்கும் சேர்த்து விலை வாங்கினார்கள். தெற்கே நிலம் சுருங்கியது, வடக்கே விலை ஊதியது. கூற்று, காரணம் கேள்விக்கு வேண்டியது இந்த இரண்டு வரிதான். மெட்டீரியலில் இரண்டும் இல்லை.

‘49 ஆண்டுத் தவணை முடிந்து 1910-ல் கடன் தீர்ந்தது’ என்று ஒரு வாக்கியம் வருகிறது. அடித்துவிடுங்கள். 1905 நவம்பர் அறிக்கைப்படி 1906-க்கு உரிய தவணை பாதியாக்கப்பட்டு, 1907 ஜனவரி 1 முதல் முழுவதும் ரத்தானது. தவணை முடிந்து நின்றதல்ல அது. 1905-ல் கிராமங்கள் கொந்தளித்ததால் நிறுத்த வேண்டி வந்தது.

மீர் என்ற கிராமச் சமூகத்தைப் பற்றி அரைப் பக்கம். நிலத்தை அவ்வப்போது குடும்பங்களுக்குள் மறுபங்கீடு செய்தது, வயல்கள் நீளத் துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன என்பது வரை வந்திருக்கிறது. வரிக்கும் மீட்புத் தவணைக்கும் கிராமம் முழுவதும் கூட்டாகப் பொறுப்பு என்பதை விட்டுவிட்டார்கள். ஒரு வீடு கட்டவில்லை என்றால் அது மற்ற வீடுகளின் தலையில் விழும். அதனால் ஒருவன் ஊரைவிட்டு நகரத்துக்குப் போக விரும்பினால் கிராமச் சபையும் குடும்பத் தலைவரும் சம்மதித்து உள்நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்க வேண்டும். போகிறவன் பாக்கியை விட்டுவிட்டுப் போனால் சுமப்பது மற்றவர்கள் என்னும்போது யார் சுலபமாக விடுவார்கள்? அரசுக்கோ வரி வசூலிக்கச் சம்பளமில்லாத ஆள் கிடைத்த மாதிரி. கூட்டுப் பொறுப்பு 1903-ல்தான் பெரும்பாலான இடங்களில் நீக்கப்பட்டது. கிராம நீதிமன்றங்கள் விதித்த பிரம்படி 1904-ல் போனது.

இதை நம் மாவட்டத்தில் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் கம்பெனி கைக்கு வந்து, கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது இதே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில்தான். நடுவில் ஜமீன் இல்லாமல் சர்க்கார் தனித்தனி ரயத்தோடு நேரடியாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மீர் அதற்கு நேர் எதிர்: சர்க்காருக்குத் தனி ஆளே தெரியாது, கிராமம் மட்டும்தான் தெரியும். பட்டா என்றால் என்ன என்று தெரிந்த மாணவனுக்கு மீரை இந்த எதிர்நிலையிலிருந்து சொல்லிக்கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வான். மெட்டீரியல் ரயத்துவாரியை இந்திய வரலாற்றுத் தொகுதியில் வைத்துக்கொண்டு, இங்கே ஒரு குறிப்புகூடக் கொடுக்கவில்லை.

ஸ்டோலிபின் பகுதி புரியாமல் தனியாக நிற்பதற்கும் மீரைச் சரியாகச் சொல்லாததே காரணம். 1906 நவம்பர் 9 ஆணை என்ன செய்தது? குடும்பத் தலைவன் மீரில் தனக்குள்ள பங்கைச் சொந்தச் சொத்தாகக் கேட்டு வாங்கலாம் என்றது. சிதறிய துண்டுகளை ஒரே இடத்தில் சேர்த்துக்கொண்டு வீடு மட்டும் ஊரிலேயே இருந்தால் அது ஓத்ரூப், வீட்டையும் பெயர்த்து நிலத்துக்கே போய்விட்டால் ஹூத்தோர். மெட்டீரியல் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறது. டூமா கூடாத நேரத்தில் அடிப்படைச் சட்டங்களின் 87-ஆம் பிரிவைப் பயன்படுத்திப் போட்ட ஆணை இது. டூமா வழியாகச் சட்டமானது 1910 ஜூன் 14. மீரையும் மீட்புக் கணக்கையும் சரியாகப் படித்தவருக்கு இந்தப் பகுதி தானாக விளங்கும்.

அரசுப் பணியின் படிகளை வரிசைப்படுத்திய பதவி அட்டவணைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பது நல்ல வேலை. மகா பீட்டர் 1722-ல் கொண்டுவந்தது, 14 படிகள், கீழே 14, மேலே 1. தவறு எங்கே என்றால், 14-ஆம் படியை எட்டியவர் எவரும் பரம்பரைப் பிரபு என்று எழுதியிருப்பது. ராணுவத்தில்தான் முதல் அதிகாரி பதவிக்கே அது கிடைத்தது. சிவில் பணியில் 8-ஆம் படி வரை ஏற வேண்டும். இப்படி ஏறி வருபவர்கள் கூட்டம் பெருகவே 1845-ல் முதலாம் நிக்கோலஸ் சிவில் பணிக்கு 5-ஆம் படி என்றும், 1856-ல் இரண்டாம் அலெக்சாண்டர் 4-ஆம் படி என்றும் உயர்த்தினார்கள். பிரபுக்களின் கட்டாயச் சேவையை மூன்றாம் பீட்டர் 1762-ல் நீக்கியதும், கேத்தரின் 1785-ல் உரிமைச் சாசனம் தந்ததும் சரியாக இருக்கின்றன. ஆனால் அதே மகா பீட்டர் போட்ட தலைவரியை மறந்துவிட்டார்கள். ஆண் தலைக்கு இவ்வளவு என்ற அந்த வரி பிரபுக்களுக்கும் மதகுருக்களுக்கும் கிடையாது, குடியானவனுக்கு உண்டு. ஐரோப்பிய ரஷ்யாவில் 1887-ல்தான் எடுக்கப்பட்டது. மீட்புத் தவணையின் பக்கத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே ஆளின் பையிலிருந்து போனவை.

1860, 70-களின் சீர்திருத்தங்கள்தான் இந்த மெட்டீரியலின் சிறந்த பகுதி. 1864 ஜனவரி செம்ஸ்டோ, அதே ஆண்டு நவம்பர் நீதித்துறை, 1870 நகராட்சி, 1874 ராணுவம் என்று ஒழுங்காக வருகின்றன. செம்ஸ்டோ பள்ளி, மருத்துவமனை, சாலை பார்த்தது, நாடு முழுமைக்கும் ஒரு சபை தரப்படவில்லை என்பதும் இருக்கிறது. ஒரு காலத்தில் 25 ஆண்டாக இருந்த ராணுவ சேவை 6 ஆண்டுப் பணி, 9 ஆண்டு ரிசர்வ் என்று மாறியது. தொடக்கப்பள்ளி முடித்தவனுக்கு 4 ஆண்டு, பல்கலைக்கழகம் முடித்தவனுக்கு 6 மாதம். இந்தச் சலுகையை அட்டவணையாகவே கொடுத்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும். வேரா சசூலிச் வழக்கையும் சேர்த்திருந்தால் நீதித்துறைப் பகுதி முழுமை பெற்றிருக்கும். அரசியல் கைதி ஒருவரைப் பிரம்பால் அடிக்க உத்தரவிட்ட பீட்டர்ஸ்பர்க் நகர ஆளுநர் திரேபோவை அவர் 1878 ஜனவரியில் சுட்டார். சுட்டதில் சந்தேகமே இல்லை. இருந்தும் ஜூரி மார்ச் மாதம் அவரை விடுவித்தது. அரசு உடனே சுதாரித்து, அதிகாரிகள் மீதான தாக்குதல் வழக்குகளை ஜூரியிடமிருந்து எடுத்துவிட்டது. கொடுத்த சீர்திருத்தம் தன்னையே கடித்தால் அரசு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடையாது.

குடியானவர்களை நம்பிப் புரட்சி பேசிய நரோத்னிக்குகள், 1874-ல் மாணவர்கள் கிராமங்களுக்குப் போனது, ‘நிலமும் விடுதலையும்’ அமைப்பு 1879-ல் ‘மக்கள் விருப்பம்’, ‘கறுப்பு மறுபங்கீடு’ என இரண்டாகப் பிரிந்தது எல்லாம் நேர்த்தி. போலீஸ் பகுதியில் மட்டும் ஒரு குழப்பம். முதலாம் நிக்கோலஸ் 1826-ல் அமைத்த மூன்றாம் பிரிவு என்ற ரகசியப் போலீஸ் 1880-ல் கலைக்கப்பட்டு, அதன் வேலை உள்துறையின் போலீஸ் துறைக்குப் போனது. ஓக்ரானா அந்தத் துறையின் கீழ் இயங்கிய ரகசியப் போலீஸ் பிரிவுகள். மெட்டீரியல் 1826-லேயே ஓக்ரானா என்று எழுதுகிறது.

1905 பகுதியில், ரத்த ஞாயிறன்று ஜார் அரண்மனை மாடத்தில் நின்று சுட உத்தரவிட்டதாக எழுதியிருப்பது வெறும் மேடைப் பேச்சு. பாதிரியார் கபோன் தலைமையில் ஊர்வலம் வந்தபோது நிக்கோலஸ் குளிர்கால அரண்மனையிலேயே இல்லை, தலைநகருக்கு வெளியே ஜார்ஸ்கோயே செலோவில் இருந்தார். அவர் இல்லாமலும் சுட்டார்கள் என்பதுதான் அந்த ஆட்சியைப் பற்றிச் சொல்கிறது.

டூமாதான் மிக மோசமான பக்கம். ‘அக்டோபர் அறிக்கையால் ரஷ்யா நாடாளுமன்ற முடியாட்சி ஆனது’ என்கிறது. 1906 ஏப்ரல் 23 அடிப்படைச் சட்டங்களைப் படித்தவர் அப்படி எழுத மாட்டார். அமைச்சர்கள் ஜாரால் நியமிக்கப்பட்டு ஜாருக்கே பதில் சொன்னார்கள். பாதி உறுப்பினர்கள் ஜாரால் நியமிக்கப்பட்ட அரசு கவுன்சில் மேலவையாக உட்கார்ந்திருந்தது. இரு அவையும் ஏற்றாலும் ஜாரின் கையெழுத்து இல்லாமல் சட்டம் இல்லை. அவை கூடாத நேரத்தில் 87-ஆம் பிரிவின் கீழ் ஆணை போடலாம்; மீண்டும் கூடிய இரண்டு மாதத்துக்குள் அவையின் முன் வைத்தால் போதும்.

டூமா அட்டவணையில் மூன்று வரிசைதான் இருக்கிறது, நான்காவது விடுபட்டிருக்கிறது. சரியானது: முதலாவது 1906 ஏப்ரல் 27 முதல் ஜூலை 8 வரை, நிலப் பிரச்சினையில் மோதி, கலைக்கப்பட்டது. கலைந்த உறுப்பினர்கள் பலர் வைபோர்க் நகரில் கூடி, வரி கட்டாதீர்கள், படைக்கு ஆள் தராதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். இரண்டாவது 1907 பிப்ரவரி 20 முதல் ஜூன் 3 வரை. அதைக் கலைத்த அன்றே டூமாவைக் கேட்காமல் தேர்தல் சட்டம் மாற்றப்பட்டு, நிலப்பிரபுக்களின் வாக்குக்கு எடை கூட்டி, குடியானவர், தொழிலாளர், ரஷ்யரல்லாதார் வாக்குக்கு எடை குறைக்கப்பட்டது. அதனால்தான் மூன்றாவது 1907 முதல் 1912 வரை முழு ஆயுளும் ஓடியது. நான்காவது 1912 முதல் 1917 வரை. மூன்றாவது மட்டும் ஏன் நிலைத்தது என்பது தேர்வுக்கு உகந்த கேள்வி. விடை ஜூன் 3 சட்டம். மெட்டீரியல் சொல்வதுபோல் ‘ஜாரின் பெருந்தன்மை’ அல்ல.

1917-க்கு வந்தால், இரண்டாம் நிக்கோலஸ் பதவி துறந்தது மார்ச் 2 (புதிய கணக்கில் 15), இடம் பிஸ்கோவ். தனக்கும் மகன் அலெக்ஸிக்கும் சேர்த்துத் துறந்து, தம்பி மிகைலுக்குக் கொடுத்தார். மிகைல் மறுநாளே மறுத்துவிட்டார். விடைப் பட்டியலில் ‘மகனுக்கு விட்டுக்கொடுத்தார்’ என்று இருக்கிறது. மாற்றிக்கொள்ளுங்கள்.

யார் வாங்கலாம்? பாடத்தை ஏற்கெனவே ஒரு நல்ல நூலில் படித்துவிட்டு, கடைசி மாதத்தில் திருப்புதலுக்கு வேண்டும் என்பவர்கள். அவர்களுக்கு 220 அதிகமில்லை. முதல் முறையாக ரஷ்யாவைப் படிப்பவர்களும், கல்லூரியில் பத்து மதிப்பெண் விடை எழுத வேண்டியவர்களும் இதை நம்பி இறங்க வேண்டாம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தின் முதல் உலகப் போர் பாடத்தில் வரும் ரஷ்யப் புரட்சிப் பகுதியை முதலில் படித்துவிட்டு, பிறகு விரிவான நூலுக்குப் போகலாம். சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் நூல்கள் கைக்குக் கிடைத்தால் குடியானவர் பகுதிக்கு உதவும். ஆனால் டூமாவையும் தாராளவாதிகளையும் பற்றி அவை சொல்வதை அப்படியே எடுக்கக் கூடாது, வர்க்க நோக்கில் ஒரு பக்கம் சாய்ந்தே எழுதப்பட்டவை.

கடையில் காசு கொடுக்கும் முன் இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள். டூமா அட்டவணையில் நான்கு வரிசை இருந்தால் அது திருத்திய பிரதி. சில கடைகளில் வர ஆரம்பித்திருக்கிறது, அதில் மார்ச் 3 தேதியும் சரிசெய்யப்பட்டிருக்கிறது, மீட்புக் கணக்கு மட்டும் இன்னும் இல்லை. பழைய பிரதிதான் இருக்கிறது என்றால், பண்ணையடிமைப் பகுதிக்குப் பின்னால் இரண்டு வெள்ளைத் தாள் வைத்து ஸ்பைரல் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்டால் செய்து தருகிறார்கள், தனிக் காசு வாங்குவதில்லை.